மூன்று கார், ஒரே கேள்வி: இது எப்படிப் பழுதாகும்?

போன மாதம் அக்கா மகன் மூன்று கார்களின் படங்களை அனுப்பி, "மாமா, இதுல எதை எடுக்கலாம்?" என்று கேட்டிருந்தான். மூன்றும் ஏறக்குறைய ஒரே பட்ஜெட். முதலாவது 12 வருடம் ஓடிய செடான்: 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் காற்றாடி) இல்லை, மேனுவல் கியர். இரண்டாவது 5 வருட ஹேட்ச்பேக்: 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், மேலே கண்ணாடிக் கூரை, நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு திரை. மூன்றாவது ஷோரூமிலிருந்து நேராக வரும் புதிய சின்னக் கார், அதுவும் இருப்பதிலேயே கீழ் வேரியன்ட். 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ இல்லை, மேனுவல், இரும்பு வீல். பின் கதவுக் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும்.

அவன் கேட்டது கொஞ்சம் தப்பான ஆளிடம். எனக்குச் சாதாரணக் கார் எதைப் பார்த்தாலும் பிடித்துவிடும். ரோட்டில் ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு போனால் திரும்பிப் பார்க்காதவன், ஓரமாக நிற்கும் 20 வருடப் பழைய ஆல்ட்டோவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, கியர் நாப் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்கியதும் உண்டு.

மைலேஜ் எவ்வளவு, பிக்அப் எப்படி, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்பதெல்லாம் எல்லோரும் கேட்கும் கேள்விகள். பதிலும் எல்லா இடத்திலும் கிடைக்கும். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கார் எப்படிப் பழுதாகும்? பழுதே ஆகாத கார் என்று ஒன்று கிடையாது. மெதுவாக, சத்தம் போட்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பழுதாகுமா, இல்லை நேற்று வரை ஜம்மென்று ஓடிவிட்டு இன்று நடுரோட்டில் கையை விரிக்குமா என்பதுதான் விஷயம். கையில் பணம் அளவாக இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

இந்தப் புத்தி எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவரிடம் 80களில் செய்த ஒரு கொரோலா இருந்தது. காலையில் அதைக் கிளப்புவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் சோக் குமிழை, அதாவது குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் குமிழை, பாதி இழுக்க வேண்டும். முழுதாக இழுத்துவிட்டால் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும், பிளக் நனைந்துவிடும். இழுக்காமல் விட்டால் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகும். பாதி இழுத்து, சாவியைத் திருப்பி, என்ஜின் பிடித்துக்கொண்டதும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு வர வேண்டும். எப்போது தள்ளுவது என்று கேட்டால், "அதுவே சொல்லும், காதைக் கொடு" என்பார். பத்து வயதில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தக் குமிழைத் தள்ளும் வேலை எனக்கு. என்ஜின் சூடாக ஆக அதன் குரல் மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்துத் தள்ளினால் ஒரு குலுக்கல்கூட இருக்காது. கொரோலா என்ற பெயர் 1966-இல் வந்தது, 2021-இல் விற்பனை ஐந்து கோடியைத் தாண்டியது. அத்தனை பேரும் அதன் அழகில் மயங்கியா வாங்கினார்கள்? காலையில் கிளம்பும் என்பதற்காக வாங்கினார்கள்.

சரி, செடானுக்கு வருவோம்.

டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் என்ஜின் இப்போது சின்னக் கார்களில் அரிதாகி வருகிறது. அதில் கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒவ்வொரு 180 டிகிரி திரும்பும்போதும் ஒரு சிலிண்டர் எரிகிறது. மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒருமுறைதான். போதாததற்கு, மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு முன்னும் பின்னும் ஆடும் குணம் வேறு உண்டு. சிக்னலில் நிற்கும்போது சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் தெரிகிறதே, அது இதனால்தான். நான்கு சிலிண்டர் செடானில் சிக்னலில் நின்றால், என்ஜின் ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் எனக்கு முக்கியம் அந்த வழவழப்பு இல்லை. இந்த மாதிரிக் கார் பழுதாகும்போது பேசும். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் மேடு பள்ளத்தில் 'டொக்' என்று கேட்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்தும்போது 'கட கட' என்றால் சி.வி. ஜாயின்ட், என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு. வேகம் ஏற ஏற ஒரு ஊளைச் சத்தமும் கூடவே ஏறினால் பெரும்பாலும் வீல் பேரிங். கிளட்ச் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும். என்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இவை எல்லாமே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. எந்த மெக்கானிக்கும் கைவைக்கக்கூடிய வேலைகள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதற்கு நானே சாட்சி. பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஆட்டுவிக்கும் பெல்ட்) மாற்றியாகிவிட்டது என்றார் விற்றவர். பில் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, நல்ல மனிதராகத் தெரிந்தார். நாலாவது மாதம், ஒரு திருப்பத்தில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது, விரல் சொடக்குவது போல் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். என்ஜின் அடங்கிவிட்டது. அந்த வகை என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி, வளைந்த வால்வுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார். பதினாறில் எட்டு. அதில் ஒன்று இன்றைக்கும் என் மேஜையில் பேனாக்களோடு பேனாவாக நின்றுகொண்டிருக்கிறது.

ஆகவே பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது: உள்ளே பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டரிலோ வருடத்திலோ எது முந்துகிறதோ அதில் மாற்றியிருக்க வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது, போனவுடன் பானெட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் முதல் அரை நிமிடத்தில் சொல்லும் உண்மையைச் சூடான என்ஜின் மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் ஒரு தித்திப்பு வாடையும் இருந்தால் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிரவைக்கும் திரவம், உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் கொஞ்சம் அப்படி வரும், எனவே பதறவும் வேண்டாம், கேட்காமலும் விட வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த எண் பழையதாக இருந்தால் நான்கு டயர் செலவு காத்திருக்கிறது. ஓடோமீட்டரைவிட பிரேக் பெடல் ரப்பரை நம்புங்கள். 40,000 கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் ரப்பர் மழுமழுவென்று தேய்ந்திருக்காது.

இரண்டாவது கார், அந்த டர்போ ஹேட்ச்பேக். நேர்மையாகச் சொன்னால் மூன்றில் ஓட்டுவதற்கு இனிமையானது அதுதான். முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். 1.0 லிட்டர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். குறைந்த சுற்றிலேயே இழுவை வருகிறது, மேட்டில் கியர் இறக்கவே தேவையில்லை. கியர் மாறுவதும் தெரியவில்லை. அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தான். நானும் சிரித்தேன்.

இறங்கியபிறகு என் கேள்வியைக் கேட்டேன்: இது எப்படிப் பழுதாகும்? டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதைத் தாங்கிப் பிடித்திருப்பது மெல்லிய ஆயில் படலம். முதல் சொந்தக்காரர் ஐந்து வருடம் ஆயிலை நேரத்துக்கு மாற்றினாரா, சரியான தரத்தில் ஊற்றினாரா என்பது அவருக்கும் அந்த என்ஜினுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இந்த என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. செடானில் அது வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுவதால் போகிற போக்கில் வால்வைக் கழுவிக்கொண்டே போகும். இங்கே அந்தக் குளியல் இல்லை, எனவே வால்வின் முதுகில் கரி படியும். அப்புறம் அந்த இரட்டை கிளட்ச். சின்னக் கார்களில் வரும் இரட்டை கிளட்ச் பெரும்பாலும் உலர் வகை. ஆயிலில் முங்காத கிளட்ச், ஊர்ந்து போகும் நெரிசலில் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகிறது. இவனுக்கோ தினமும் 12 கிலோமீட்டர் நெரிசல் போக, 12 கிலோமீட்டர் நெரிசல் வர.

ஆட்டோமேட்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே நான்கு வெவ்வேறு ஜாதிகள் இருக்கின்றன. டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இழுவையைக் கடத்துவது, பழையது, கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், ஆனால் நெரிசலுக்கு அதைப்போல் சாது எதுவும் இல்லை. சி.வி.டி.-யில் கியர் என்பதே கிடையாது, இரண்டு கப்பிக்கு நடுவே ஒரு பெல்ட். வேகமாக அழுத்தினால் சத்தம் முன்னால் ஓடும், வண்டி பின்னால் வரும். அதன் ஆயிலை மாற்றாமல் விட்டால் சத்தமில்லாமல் சாகும். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்ச் மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் ஒரு இயந்திரக் கை. ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னால் ஒருமுறை ஆடும். என் நண்பர் ஒருவர் அதைத் 'தலையாட்டி பொம்மை' என்பார். கிண்டல் செய்தாலும், பெட்டி தெரிந்த பெட்டி என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் கிளட்ச் சீக்கிரம் கருகும். உலர் இரட்டை கிளட்ச்சுக்கும் அதே கதைதான்.

டர்போ ஹேட்ச்பேக்கைப் புதிதாக, வாரன்ட்டியோடு வாங்கி, வாரன்ட்டி முடியும்போது விற்றுவிடுகிறவருக்கு அது அருமையான கார். அப்படி அவர் விற்கும்போது வாங்குகிறவராக மட்டும் இருக்க வேண்டாம் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. கண்ணாடிக் கூரைதான் அவனை மயக்கியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது, அந்தப் புதிய கீழ் வேரியன்ட். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு இளக்காரம் வரும். வெளிப் பிளாஸ்டிக்கில் பம்பருக்கு மட்டும்தான் பெயின்ட், சைடு மிரர் கறுப்பு பிளாஸ்டிக், கதவை மூடினால் தகர டப்பா சத்தம். எனக்கோ இதுதான் மூன்றிலும் சுவாரசியமான கார். இல்லாத பாகம் கெட்டுப்போகாது என்பது சாதாரணக் கார்களின் நூறு வருடத் தத்துவம்.

1948-இல் பாரிஸில் காட்டப்பட்ட சிட்ரோயன் 2சி.வி.-யைப் பாருங்கள். 375 சி.சி., இரண்டு சிலிண்டர், 9 குதிரைத்திறன், காற்றால் குளிரும் என்ஜின். ரேடியேட்டரே இல்லை, அதனால் ரேடியேட்டர் ஒழுகும் என்ற பேச்சும் இல்லை. 1990 வரை செய்தார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் அதே காற்றுக் கட்சி, 2003-இல் நிறுத்தும்போது 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் ஓடியிருந்தது. 1980-இல் வந்த ஃபியட் பாண்டாவுக்குக் கண்ணாடிகள் எல்லாம் வளைவே இல்லாத தட்டைக் கண்ணாடி. 2004-இல் வந்த டாசியா லோகனின் சைடு மிரர் இடது வலது இரண்டுக்கும் ஒன்றே. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 1961-இன் ரெனோ 4. அதன் பின் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் வேலை செய்யும், குறுக்கே போகும் இரண்டு முறுக்குக் கம்பிகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் வைக்க முடிந்தது. அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் அதிகம். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். 80 லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் எத்தனை பேர் டேப் வைத்து அளந்திருப்பார்கள்?

எல்லாச் சிக்கனமும் இப்படிப் பலிக்கும் என்றில்லை. 1959-இன் மினி, அலெக் இசிகோனிஸின் மூளை. என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதற்கு அடியில் சொருகி, 3 மீட்டர் சொச்சத்தில் நான்கு பேரை உட்காரவைத்தார். ஆனால் என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே ஆயிலைக் குடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரோ முன் கிரில்லைப் பார்த்தபடி இருந்ததால் மழையில் நனைந்து வண்டி நின்றது. இன்று வரும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை மினியின் குறுக்கு என்ஜின் வழியைத்தான் பின்பற்றுகின்றன, அடியில் சொருகிய பெட்டியை மட்டும் விட்டுவிட்டன.

இந்தப் புதிய கார் எப்படிப் பழுதாகும்? சில வருடங்களுக்கு வாரன்ட்டி இருக்கிறது, அதுவரை பெரிதாக எதுவும் வந்தால் கவலை அவர்களுடையது. அதற்கப்புறமும் டர்போ இல்லை, இரட்டை கிளட்ச் இல்லை, கூரைக் கண்ணாடியின் ரப்பர் ஒழுகாது, திரை செத்துப்போய் ஏ.சி.-யைக் குறைக்க முடியாமல் தவிக்க வேண்டாம். ஏ.சி.-க்கு மூன்று திருகுகள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் திருப்பலாம். குறையும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் இரண்டு கியர் இறக்கி, முழுதாக மிதித்து, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சத்தமும் உள்ளே வரும். மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்கு நீண்ட தூரம் போகிறவனுக்கு அது ஒரு விஷயம்தான். அந்த ஒரு வேலையில் செடான் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

என் மனம் செடான் பக்கமே சாய்ந்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடிவு செய்ய வேண்டியது இன்னொரு கணக்கை வைத்து. அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். அந்த 12 வருட செடானில் இரண்டு ஏர்பேக்கும், அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்.-ஸும் இருந்தன, இ.எஸ்.சி. இல்லை. ஈர ரோட்டில் வண்டி வழுக்கித் திரும்பப் பார்க்கும்போது தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேராக்கும் அந்த ஏற்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். புதிய சின்னக் காரில் கீழ் வேரியன்ட்டிலேயே அது இருந்தது. குழந்தை இருக்கைக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கியும் இருந்தது, சீட்டின் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் நம்பினேன். புதியது என்றாலே பத்திரம் என்று அர்த்தம் இல்லை, மோதல் சோதனை முடிவைப் பார்க்க வேண்டும். நட்சத்திரத்தோடு வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். சோதனை சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாகிறது, பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்தும் ஒன்றில்லை.

பழைய காருக்காக ஒன்று சொல்லியாக வேண்டும்: வெளியே நன்றாகத் தெரியும். கூரை நசுங்காமல் இருப்பதற்காக இப்போது தூண்களைத் தடிமனாக்கிவிட்டார்கள். கார்களும் ஊதிவிட்டன. 1974-இன் முதல் கோல்ஃப் 3.7 மீட்டர்தான், இன்று அதைவிடச் சின்ன ரகம் என்று விற்கும் போலோ 4 மீட்டரைத் தாண்டிவிட்டது.

செடான் வகையில் இரண்டு வண்டிகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் வண்டியின் பானெட்டில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. விற்பவர் "இப்பதான் சார் கடை வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இரண்டாவது வண்டிக்காரர் ஊரில் இல்லை, வாரக் கடைசியில் வரச் சொன்னார்.

அதற்குள் ஷோரூமில் வேலை முடிந்துவிட்டது. முடித்தது நான் இல்லை. அவன் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து, அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணாடியை ஒருமுறை இறக்கி, ஒருமுறை ஏற்றினாள். "மாமா, இதுல குழந்தை விரலு மாட்டாதுல்ல?" என்றாள். நான் யோசித்தே பார்த்திராத ஒரு பழுது அது. அன்றே பணம் கட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கூரையைப் பற்றி அவன் அப்புறம் பேசவே இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல், அந்த இரண்டாவது செடானைப் பார்க்க நான் மட்டும் போனேன். பெரியவர் ஒருவர் கதவைத் திறந்து, கையில் ஒரு கோப்போடு வந்தார். பில்கள் தேதி வாரியாகக் குத்தப்பட்டிருந்தன, டைமிங் பெல்ட் மாற்றிய பில் நடுவில். பானெட்டின்மேல் பனி படிந்திருந்தது. கை வைத்தேன். சில்லென்று இருந்தது.